காத்து நிற்கும் லாரியின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கிடங்குகளைப் பசுமையாக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூரையில் சோலார், டீசல் ஃபோர்க்லிப்டுக்குப் பதில் பேட்டரி வண்டி, காம்பவுண்டு ஓரம் மரம். எல்லாம் சரிதான். ஆனால் கட்டுரை கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. நான் மாதவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 27 வருடம் பில்டி, அதாவது சரக்கோடு போகும் ரசீது, எழுதியவன். என் கண் வெளியே நிற்கும் வண்டிகள் மேல்தான் போகும்.

செங்குன்றத்தில் என் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய குடோன் இருக்கிறது. போன மாதம் அங்கே டீக்கடையில், ஓசூர் லோடோடு வந்த டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலை 6 மணிக்கே வந்துவிட்டாராம். செக்யூரிட்டி ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்து ஓரம்கட்டச் சொல்லிவிட்டார். வண்டி உள்ளே போனது மாலை 5 மணிக்கு. புது வண்டி, ஏசி கேபின். 10 மணி வெயிலில் போட்ட இன்ஜினை அவர் அணைக்கவே இல்லை. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் ரோட்டில் குட்டையாகத் தேங்கி, ஒரு நாய் வந்து நக்கிக்கொண்டிருந்தது.

நின்றபடி ஓடினால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும் என்றார். ஏழு மணி நேரத்துக்கு 12 லிட்டர் என்றே வைப்போம். லிட்டருக்கு சுமார் 2.6 கிலோ கரியமில வாயு. ஆக, ஓர் அடி கூட நகராமல் 30 கிலோவுக்கு மேல். அன்று வரிசையில் பதினாலு வண்டிகள் நின்றன.

ஏசியை நான் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்தில் டிரைவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து வெந்தது எனக்குத் தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் முன்பு காத்திருப்பில் மனுஷன் மட்டும் வாடினான், இனி டீசலும் சேர்ந்து எரியும்.

இந்தக் காத்திருப்பால் குடோன்காரருக்கு நயா பைசா நஷ்டமில்லை. அதனால்தான் இது ஒழியவில்லை. காத்திருப்புக்கு ஹால்டிங் சார்ஜ் என்று ஒரு கூலி வாய்ப்பேச்சில் உண்டு; கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்று வண்டிக்காரர் வாயை மூடிக்கொள்வார். கேட்டுக்கு வந்த நேரத்தைப் பில்டியிலேயே பதிந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் சரக்கை இறக்கிக்கொள்ளும் குடோன்காரர் காசு கொடுக்க வேண்டும் என்று ஆக்கிப் பாருங்கள். "உங்களுக்கு மதியம் 2 மணி, அதுவரை வழியிலேயே சாப்பிட்டு ஓய்வெடுத்து வாங்க" என்று முதல் நாளே போன் வந்துவிடும். டாக்டரைப் பார்க்கவே அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, லாரிக்கு மட்டும் ஏன் இல்லை?

அப்புறம், திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் லாஜிஸ்டிக்ஸ் பூங்காவுக்கு, அதாவது பெரிய சரக்குக் கிடங்கு வளாகத்துக்கு, 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ரயில் இணைப்பும் சேர்ந்த திட்டம், நல்லதுதான். ஆனால் ரயிலில் வந்தாலும் கடைசியில் சரக்கை எடுக்க லாரிதான் வர வேண்டும். அங்கேயாவது கேட்டில் கொடுக்கும் சீட்டில் நம்பருக்குப் பதில் நேரம் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புக்கிங் குமாஸ்தா,
செங்குன்றம்.