ஜாக்கியை நம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் இப்போதுதான் முள்ளியாற்றில் எட்டிப் பார்க்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

லாரி கேபினை இறக்கிவிட்டாய் என்று நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இறக்கியது இறக்கியபடியே கிடக்கிறது என்றும் சொன்னார்கள். கழற்றுகிற வரைக்கும் யாருக்கும் உற்சாகம்தான். துரு சுரண்டும்போதுதான் ஆள் சோர்ந்துபோவான். ஒன்று மட்டும் கேள். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் படு.

அகஸ்தியம்பள்ளி உப்பு சுமந்த லேலண்டு அது. பலகை இடுக்கில் ஒழுகிய உப்புத்தண்ணி எல்லாம் அடிச்சட்டத்தில், அந்த சேசிஸில்தான் இறங்கியிருக்கும். தகட்டின் மேல் தகடு வைத்து ரிவிட் அடித்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீர் என்னும். அரித்தது மொத்தென்று கேட்கும், செதில் செதிலாய்க் கொட்டும். வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்று எவனாவது சொன்னால் தலையாட்டாதே. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

முழு வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓடாது. ஒரு முழம் எடுத்துக்கொள். மண்ணெண்ணெயில் கிரீஸ் அழுக்கைக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிடு. நாளைக்கு என்று விட்டால் அந்தக் கடல்காற்றில் விடிவதற்குள் பழுப்பேறிவிடும், பட்ட பாடு வீண். அடித்த இடத்தைக் காலையில் பார்த்தாயானால் அடுத்த முழத்துக்குத் தானாகக் கை போகும். கண்ணாடி போட்டுக்கொள். ராத்திரியில் தனியாக அடியில் படுக்காதே.

2018 கஜா புயலில் தென்னை விழுந்து வண்டி நசுங்கிக் கிடந்தபோது இரும்புக்கடைக்குப் போடலாம் என்றார் சித்தப்பா. நீதான் குறுக்கே நின்றாய். கியர்பாக்ஸை ஒத்தை ஆளாகப் பிரித்து மாட்டினாயே, அதை நான் டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. அவ்வளவு பிடிவாதக்காரனுக்கு, ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊருக்கு வர முடியவில்லை.

போன வாரம் மருமகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீ எப்படி இருக்கிறாய் என்று எங்களைக் கேட்கிறாள். வண்டி வேலை மும்முரம் என்றேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தோடு நார்த்தங்காய் ஊறுகாய் வருகிறது. வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். கொல்லையில் கிடக்கும் புளியங்கட்டை நாலையும் ஏற்றிக்கொண்டு வருவேன். என் முட்டியை வைத்துக்கொண்டு அடியில் படுக்க முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நட்டு போல்ட்டெல்லாம் டீசலில் ஊறப்போட்டுக் கழுவித் தருகிறேன். பேச்சுக்கொடுக்க மாட்டேன், பயப்படாதே.

அதுவரைக்கும் வண்டி ஜாக்கியில் நின்றால் நீ வெளியிலேயே இரு.

அப்பா