எங்கள் ராஜபாளையம் நாயைப் பார்த்துக்கொண்டவருக்கு

மகளின் பேறுகாலத்திற்காக நானும் என் மனைவியும் கோலாலம்பூருக்குப் புறப்பட வேண்டியிருந்தபோது, கானாடுகாத்தான் வீட்டில் வளரும் எங்கள் ராஜபாளையம் நாயை 48 நாட்கள் யாரிடம் ஒப்படைப்பது என்பதே பெருங்கவலையாக இருந்தது. வெண்ணிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை, எங்களுடையதும் அப்படித்தான். நாங்கள் விசாரித்த காப்பகம் ஒன்று, இவ்வளவு பெரிய நாய்க்கு இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. உறவினர்களோ வாசற்படியைத் தாண்டவே தயங்கினார்கள் (அவர்களைக் குறை சொல்வதற்கில்லை).

பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. நாங்கள் கிளம்புவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பிருந்தே மாலைதோறும் வந்து, முதலில் முகப்புத் திண்ணையிலும், பிறகு வளவிலும் (வீட்டின் உள்முற்றம்), கடைசியில் அதன் படுக்கைக்கு அருகிலும் அமர்ந்து, தங்கள் வாசனை அதற்குப் பழகும் வரை பொறுத்திருந்தீர்கள். காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும் என்பதால், தரையைக் காலால் தட்டி அதிர்வை உணர்த்திய பின்னரே நெருங்க வேண்டும் என்று ஒருமுறைதான் சொன்னேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதிர்வு போதவில்லை என்று கண்டு, இருட்டியபின் டார்ச் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டி அழைக்கும் வழியைத் தாங்களே பழக்கியிருக்கிறீர்கள். நான் மறந்துபோயிருந்த வெறிநோய்த் தடுப்பூசியையும் உரிய நாளில் போட்டுவிட்டீர்கள்.

பணம் எதுவும் வாங்க மறுத்து, என் மனைவி கொடுத்த ஒரு தூக்கு மனகோலப் பலகாரத்தை மட்டும் ஏற்றுக்கொண்ட தங்களுக்கு எங்கள் குடும்பத்தாரின் மனமார்ந்த நன்றி. மாலை ஐந்து மணியானால் அது இன்னமும் முகப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவசியம் வந்து போங்கள்.