வாழைச்சேனைப் போர்மனுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

எவ்வளவு காலத்துக்குப் பிறகு எழுதுறன் எண்டு கணக்குப் பார்க்க வேண்டாம், ரெண்டு பக்கமும் கடன்தான். இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வழமைபோல. எங்கட கூட்டாளி சோடாப்புட்டி திரும்பவும் வெளிநாடு போறதெண்டு நிக்கிறான், சிரிக்காதே. கோட்டை மான்கள் இப்ப ரவுணுக்குள்ள வந்து குப்பைக்கூடையைக் கிளறுதுகள்.

நீ ஃபைபர் போட் கட்டுற கொட்டிலில வேலையை மேற்பார்க்கிற போர்மன் ஆகிட்டாய் எண்டதும் எங்கட நெடுவல் சொன்னான்: "இனி அவனுக்கு ஒரு கதிரை, ஒரு ஃபேன், ஒரு கோபம்." மூண்டும் வந்து சேர்ந்திட்டுது எண்டு உன்ர கடிதத்தைப் பார்த்தாலே தெரியுது. மூத்த பாஸ் நாலு பேருக்கு முன்னால "தம்பி, கட்டலிஸ்ட் கூடிப்போச்சு" எண்டு சொன்னாராம், ரெசின் பிசினை இறுக வைக்கிற அந்த மருந்தைத்தான். அதை மூண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். அந்தப் போட்டுக்கு என்ன நடந்தது எண்டு ஒரு வரியும் இல்லை. இறுகிச்சுதா? சூடேறி வெடிச்சுதா? நான் முதல்ல கேக்கிறது அதைத்தான். உன்ர பெடியங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பாங்கள். நீ அவரின்ர முகத்தைப் பார்த்தியா, வாளியைப் பார்த்தியா?

அவர் சொன்னது சரியா பிழையா எண்டதுக்கு அவரின்ர வயசும் சாட்சி இல்லை, உன்ர பதவியும் சாட்சி இல்லை. ஒரு தராசு வாங்கி வை. நகைக்கடைத் தராசு தேவையில்லை, ஒரு கிராம் காட்டுற சமையலறைத் தராசு காணும். போத்தில் மூடியால அளக்கிற பழக்கத்தை முதல் கிழமையிலேயே நிப்பாட்டு. மூடிக்கு மூடி அளவு வேற, ஊத்துற கைக்குக் கை வேற. அஞ்சு கிலோ ரெசினுக்கு ஒரு வீதம் எண்டால் 50 கிராம், ஒண்டரை எண்டால் 75, ரெண்டு எண்டால் 100. கட்டலிஸ்ட் தண்ணியைவிடப் பாரம், அதால 75 கிராமும் 75 மில்லிலீட்டரும் ஒண்டில்லை. மில்லிலீட்டரில அளந்தால் கூடத்தான் போகும். ஒருவேளை அண்டைக்கு உங்கட சண்டையே இதாலதானோ தெரியாது.

ரெசின் கொம்பனி தாற தாளில இருக்கிற இறுகுற நேரம் பெரும்பாலும் 25 பாகைக்குப் போட்ட கணக்கு. தகரக் கொட்டிலுக்குள்ள மத்தியானம் 33, 34 பாகை சாதாரணம். காலமை எட்டு மணிக்கு நிதானமா கண்ணாடி நார் மேட் விரிச்சு ரோலர் பிடிக்க விட்ட அதே கலவை, ஒரு மணிக்கு வாளிக்குள்ளயே களியாகிடும். அதுக்குப் பயந்து கட்டலிஸ்டை ஒரு வீதத்துக்குக் கீழ இறக்கிறாங்கள் பார், அது பெரிய கேடு. மேல தொட்டால் காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்கு முழுசா இறுகாது. பிறகு எத்தினை நாள் வெயிலில வைச்சாலும் அந்தக் குறை தீராது. வெக்கையில கலக்கிற அளவைத்தான் குறைக்க வேணும்: அஞ்சு கிலோவுக்குப் பதிலா ரெண்டு கிலோ, ஆழமான வாளிக்குப் பதிலா அகலத் தட்டு. குவிஞ்சு கிடக்கிற ரெசின் தன்ர சூட்டில தானே வேகும், பரவிக் கிடந்தால் ஆறும்.

கலக்கிற மேசைக்கு மேல ஒரு கொப்பியைக் கட்டித் தூக்கு. ஒவ்வொரு வாளிக்கும் நேரம், கொட்டிலின்ர வெப்பம், ரெசின் எத்தினை கிலோ, எந்த டிரம், கட்டலிஸ்ட் எத்தினை கிராம், கலந்தது ஆர், எத்தினை மணிக்கு இறுகத் தொடங்கினது. நீ கலந்த வாளியும் அதில வரவேணும், அதே கையெழுத்தோட, அதே கோட்டில. உன்ர வாளி கொப்பிக்கு வெளியால நிண்டால், கொப்பி அவங்களை உளவு பார்க்கிற சாமானாகிடும், ரெண்டாம் நாளே பொய்க் கணக்கு எழுதத் தொடங்கிடுவாங்கள்.

நீ இன்னொண்டு எழுதியிருந்தாய், ஜெல்கோட், அதுதான் போட்டின்ர வெளிப்பக்க நிறப் படை, சுருங்கி முதலைத்தோல் மாதிரி வந்ததெண்டும், "ஆர் அடிச்சது?" எண்டு கேட்டதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை எண்டும். ஏன் திறப்பாங்கள்? "ஆர்" எண்டு கேட்டால் ஒரு ஆள்தான் மாட்டுவான், காரணம் மாட்டாது. அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூண்டுதான். ஜெல்கோட் மெல்லிசாப் போயிருக்கும், இல்லாட்டி கட்டலிஸ்ட் குறைஞ்சிருக்கும், இல்லாட்டி அது பிடிக்க முதலே மேல ரெசினையும் மேட்டையும் போட்டிருப்பாங்கள். மேல வாற ரெசினில இருக்கிற ஸ்டைரின் எண்ட கரைப்பான் கீழ இருக்கிற அரைக்காய்ச்சல் ஜெல்கோட்டை ஊறவைச்சுத் தூக்கிப்போடும், அதுதான் அந்தத் தோல். அரை மில்லிமீட்டர் தடிப்பு வேணும், ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 600 கிராம் போகும். ஈரமா இருக்கேக்க குத்திப் பார்க்கிற பல்லுச் சீப்பு ஒண்டு இருக்கு, அது பெரிய விலையில்லை. கூட அப்பினாலும் நல்லதில்லை, தடிச்ச இடம் பிறகு அடி வாங்கேக்க வெடிக்கும். அடுத்த படை போட விரலால தொட்டுப் பார்: ஒட்ட வேணும், ஆனால் விரலில நிறம் வரக்கூடாது. மோல்டின்ர, அதாவது அச்சின்ர, விளிம்பில தொடு, நடுவில தொட்டு அடையாளம் வைக்காதே.

இனிமேல் "எந்த இடத்தில, எத்தினை மணிக்குப் போட்டது, கொப்பியில என்ன இருக்கு" எண்டு கேள். அப்ப பதில் வரும். பிழையைச் சொன்னவனை நீ ஒருக்கால் கடிச்சுப்போட்டாய் எண்டால், அடுத்த பிழை உனக்குத் தெரியவே வராது. போட்டின்ர அடியில ஓடுற ஏரா மூலையில காத்து அடைபட்டு நிண்ட இடத்துக்குப் புட்டிப் பசை அடிச்சு, தேய்ச்சு, பெயின்ட் போட்டு மினுக்கி விடுவாங்கள், நீயும் கை வைச்சு "நல்லாருக்கு" எண்டுவாய். அந்தப் போட் கொட்பேயில இருந்தோ கல்குடாவில இருந்தோ வெளிக்கிட்டு, எஞ்சின் வேகத்தில அலைக்கு மேல விழுந்து விழுந்து போகேக்க அந்த மூலைதான் முதல்ல திறக்கும். கடலில நிக்கிறவனுக்கு உன்ர பேரும் தெரியாது, பதவியும் தெரியாது.

மூலையில காத்து நிக்கிறதுக்கும் ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை. மேட் கூர்மூலைக்குள்ள வளையாது, அது அதின்ர குணம். மேட் போட முதல் மூலைக்குப் புட்டியால ஒரு வளைவு குடு. விளிம்பைக் கத்தரியால வெட்டாமல் கையால கிழிக்கச் சொல்லு, கிழிச்ச விளிம்பு பக்கத்துத் துண்டோட படியும். ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டு, ரெண்டரைக் கிலோ ரெசின். அதுக்கு மேல ஊத்துறவன் பாரத்தைத்தான் கூட்டுறான், பலத்தை இல்லை.

இனி ஏச்சு. ஏசவே கூடாதெண்டு நான் சொல்லமாட்டன், அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் ரெசின் ஈரமா இருக்கேக்க ஏசாதே. கலந்தால் கையில இருக்கிறது பத்துப் பதினைஞ்சு நிமிசம், அதுக்குள்ள உன்ர பிரசங்கத்துக்கு இடமில்லை. கை கழுவி, பிளேன்டீ குடிச்ச பிறகு அந்த ஆளை மட்டும் தனியக் கூப்பிட்டுக் கதை. நல்லதை எல்லாருக்கும் முன்னால சொல்லு. நீ இப்ப நேர்மாறாச் செய்யிறாய் எண்டு உன்ர கடிதமே சொல்லுது. மற்றது, "சேர்" எண்டு கூப்பிடச் சொன்னியாமே? சின்னக்கா கேட்டுட்டுத் தேத்தண்ணியைத் துப்பிப்போட்டா. முப்பது வருசம் மேட் போட்ட கையை நீ அண்ணை எண்டு கூப்பிடு, அவர் நானா எண்டால் நானா எண்டு கூப்பிடு. அவங்கள் உன்னைத் தம்பி எண்டால் ஒண்டும் குறையாது. தம்பி சொல்லுற கணக்குப் பிழைக்காமல் இருந்தால் காணும்.

உன்ர ஆக்களிலயும் தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டு பகுதியும் இருக்கு எண்டாய், இஞ்சயும் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை பதினொண்டரைக்குப் பெரிய வாளி கலக்கிறது பைத்தியக்காரத்தனம். ஜும்மாத் தொழுகைக்குப் போறவன் பாதி மேட்டை விட்டுட்டுப் போகவும் ஏலாது, நிண்டால் மனம் அங்க நிக்கும். அண்டைக்குப் பெரிய படையைக் காலமை முடி. மத்தியானத்துக்குத் தேய்ப்பு, மெழுகு, அடுத்த நாள் மேட் வெட்டுறது. நோன்பு காலத்தில நோன்பாளியைப் பின்னேரம் மூடின கொட்டிலுக்குள்ள ரெசினோட விடாதே. போயா, பொங்கல், பெருநாள் எல்லாத்தையும் வருசத் தொடக்கத்திலேயே கலண்டரில குறிச்சு, மோல்ட் வேலையை அதுக்கேத்த மாதிரிப் பிரி. கேட்டு வாங்கின லீவுக்கும், கேக்க முதலே ஒதுக்கி வைச்ச நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவங்கள் கவனிப்பாங்கள்.

காசு விசயம் சுருக்கமா. ஓவர்டைம் மணித்தியாலத்தை அண்டண்டைக்கு எழுதி ஆளிட்டைக் காட்டு. ஈபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஆளின்ர சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12, ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3. அது கட்டுப்படுதா எண்டு நீ கேட்டுப் பார்க்கிறாய் எண்டு தெரிஞ்சால் கொட்டிலுக்குள்ள உன்ர சொல்லுக்கு வேற பாரம் வரும். பழுதாப்போன போட்டின்ர செலவைப் பெடியங்களின்ர சம்பளத்தில வெட்டச் சொல்லி முதலாளி உன்னட்டைச் சொன்னதா எழுதியிருந்தாய். அதுக்கு "ஓம்" எண்டிட்டு வந்தியோ, "இல்லை" எண்டிட்டு வந்தியோ? அதை மட்டும் எழுதாமல் விட்டிட்டாய். மச்சான், அந்த அறைக்குள்ள நீ என்ன சொன்னாய் எண்டது மூத்த பாஸுக்குப் பின்னேரத்துக்குள்ள தெரிஞ்சிருக்கும். அவர் பிறகு நாலு பேருக்கு முன்னால வாய் திறந்ததுக்குக் கட்டலிஸ்ட் மட்டும்தான் காரணமோ எண்டு யோசி.

பகிடி இல்லாமல் ஒண்டு. ரெசின் இறுகுறதை வேகமாக்கிற கோபால்ட்டும் கட்டலிஸ்டும் ஒருநாளும் நேராச் சேரக்கூடாது, வெடிக்கும். இப்ப வாற ரெசினில பெரும்பாலும் கோபால்ட் கலந்தே வரும், தனியா வாங்கினால் ரெண்டையும் ஒரே றாக்கையில வைக்காதே. கட்டலிஸ்ட் துடைச்ச துணியைக் குப்பைக்குள்ள எறிய விடாதே, தானாப் பத்தும், தண்ணி நிரப்பின டிரம்முக்குள்ள போடு. கண்ணில ஒரு துளி தெறிச்சால் உடன ஓடுற தண்ணியில குறைஞ்சது 15 நிமிசம் கழுவி, பிறகு ஆஸ்பத்திரி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊத்துற முதல் ஆள் நீயா இரு. மூக்குக்குக் கடதாசி மாஸ்க் தேய்க்கிற தூசிக்குக் கொஞ்சம் உதவும், ஸ்டைரின் மணத்துக்கு உதவாது, அதுக்குக் கரி போட்ட காட்ரிஜ் மாஸ்க் வேணும். முதலாளியோட சண்டை பிடிக்க வேணுமெண்டால் இதுக்குப் பிடி. ஃபேனுக்குப் பிடிச்சாய்தானே. அந்த ஃபேனையும் கதிரைக்குப் பக்கத்தில இருந்து தூக்கிக் கொட்டிலின்ர வாசலில வெளிப்பக்கம் பார்த்து வை, மணம் வெளிய போகட்டும். ஈர ஜெல்கோட்டுக்கு நேர மட்டும் வைக்காதே, தூசி ஒட்டும். கச்சான் காத்துக் காலத்தில அதுவே ஒரு தலையிடி.

நெடுவல் ரோலர் ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறான், பஸ்ஸில ஆரும் வந்தால் குடுத்துவிடுறன். நீ அந்தச் சுருங்கின இடத்தைக் கிட்ட வைச்சுப் படம் எடுத்து அனுப்பு, நகத்தால கீறிப் பார்த்து மெத்தெண்டு இருக்கா எண்டும் எழுது. அண்டைக்குக் கொட்டிலுக்குள்ள எத்தினை பாகை எண்டதை மூத்த பாஸிட்டைக் கேள், அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்படிக்கு,
உன்ர பழைய வாளிக்காரன்