அம்மாவின் தலையில் உதிர்ந்த தூள்: ஒரு நன்றி மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வாழும் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எங்கள் வீட்டுக் காரின் உட்கூரைத் துணியை மாற்றுவதற்காக விட்டுக்கொடுத்தீர்கள். வாயால் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கார் அப்பா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. இருபது வயதைத் தாண்டிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அம்மாவை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போவுக்கு அதில்தான் அழைத்துப் போகிறேன். ஆறேழு மாதமாக உட்கூரைத் துணி பின்னிருக்கைக்கு மேல் தொட்டில்போலத் தொங்கியது. சிகிச்சை முடிந்து களைத்துச் சாய்ந்திருக்கும் அம்மாவின் தலையில் அது உரசும். பழுப்புத் தூள் நரைமுடியில் படியும். வாசலில் நிறுத்தி அதைத் தட்டிவிட்டுத்தான் அவரை உள்ளே கூட்டிப்போவேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும்.

குண்டூசி குத்திப் பார்த்தேன். துணிக்கும் அதைத் தாங்கும் கூரைப் பலகைக்கும் நடுவே பசையைப் பீய்ச்சி அழுத்தியும் பார்த்தேன். நான்காம் நாள் மீண்டும் தொங்கிவிட்டது.

காரணத்தைச் சொன்னவர் குஷன் கடை அண்ணன். துணியின் ஓரத்தைப் பிரித்து, உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வறுத்த ரவைபோல விரலோடு வந்தது. "பசையைக் குறை சொல்லாதே தங்கச்சி, உள்ளே இருக்கும் பஞ்சு செத்துவிட்டது" என்றார். துணியின் முதுகில் மெல்லிய பஞ்சு ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் ஆண்டுக்கணக்கில் அதை அரித்துத் தூளாக்கிவிடுகின்றன. தூளின்மேல் எந்தப் பசைதான் நிற்கும்? பலகையை வெளியே எடுத்து, பழைய பஞ்சை அடியோடு தேய்த்தெடுத்து, பஞ்சு ஒட்டிய புதுத் துணியைப் போட வேண்டும் என்றார். பிறகு தம் கடையை அடைத்துவிட்டு எங்களோடு வந்து நின்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணே, இதை எப்படித் திருப்பித் தருவேன்?

கைப்பிடி, உள்விளக்கு, சூரியத் தடுப்பு, தூண் மறைப்புகள் எல்லாவற்றையும் கழற்றித் திருகாணிகளை மைலோ டின்னில் போட்டு வைத்த தம்பிகளே, மடிந்தால் முறிந்துவிடும் அந்தப் பலகையைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலப் பின்கதவு வழியாக எடுத்தீர்கள். மூக்கை மூடிக்கொண்டு பிரஷால் நீங்கள் தேய்த்த மூன்று மணி நேரத்தில்தான் பாதி வேலை முடிந்தது. மீதியெல்லாம் அதற்குப் பிறகு எளிது.

இரும்புக்கடை முதலாளி தவுக்கேக்கும் நன்றி. நான் எடுத்த மலிவான பசையை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், இது இளகிவிடும் என்று சொல்லிச் சூடு தாங்கும் பசையைக் கொடுத்தார். பொது மண்டபத்தைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு மலாய் அம்மா மாக்சிக், பசையின் ஆவி தீப்பிடிக்கும் என்று கேட்டதும் கொசுவர்த்தியை அணைத்து, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார்.

இனி அப்பாவைப் பற்றி. துணியைப் பலகைமேல் விரித்துப் பாதியை மடித்துவிட்டு, துணியின் முதுகிலும் பலகையிலும் பசை அடித்தோம். உடனே ஒட்டக் கூடாது, பதம் வர வேண்டும் என்றார் அண்ணன். எத்தனை நிமிடம் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து விரலின் புறத்தால் தொட்டார். "இன்னும் இல்லை." சற்று நேரம் கழித்து மறுபடியும் தொட்டார். விரல் லேசாக இழுபட்டது, ஆனால் பசை கையோடு வரவில்லை. "இப்போது ஒட்டு" என்றார். மரத்தடி மங்கில், அந்தச் சிறு கிண்ணத்தில், ரப்பர் பால் உறைவதை முப்பது ஆண்டு பார்த்த விரல் அது. அந்தப் பசைக்கும் அடிப்படை செயற்கை ரப்பர்தான் என்று அண்ணன் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. விரலை மட்டும் முகர்ந்து பார்த்தார்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினோம். பள்ளங்களில் துணியை இழுக்காமல் உள்ளே அழுத்திவிட வேண்டும், இழுத்தால் பிறகு அங்கேயே எழும்பிவிடும். மறுபாதியும் முடிந்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டிவிட்டு, ஒரு வாரம் மண்டபத்திலேயே காயவிட்டோம். அடுத்த ஞாயிறு மாட்டினோம்.

இந்த மாதம் முழுக்க அம்மா தலையைச் சாய்த்து, ஈப்போவிலிருந்து வீடுவரை தூங்கிக்கொண்டே வருகிறார்.

ஒரு மீட்டர் துணியும் முக்கால் டப்பா பசையும் மீதம் இருக்கின்றன. யார் வீட்டுக் காரிலாவது துணி தொங்கினால் சொல்லுங்கள். பிரஷோடு நான் வருகிறேன், பதம் பார்க்க அப்பா வருவார்.