வெள்ள நிவாரண மறுகட்டுமானச் சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

சேகரகுரு ஐயரவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, ஊர்ப் பெரியவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேதமான வீடுகளுக்காக 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நடந்த வேலைகளின் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு மாதம் ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடியது. தணிக்கையான வரவு செலவு தனித்தாளில் உங்கள் கையில் இருக்கிறது. பொருளாளர் அதை வாசிப்பார். நான் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முந்தைய அறிக்கை முழுக்க அரிசி, பாய், போர்வைக் கணக்கு. இந்த ஆண்டு கணக்கு சரள், கம்பி, சிமெண்ட். முதல் வாரம் உதவ எல்லோரும் வந்தார்கள். ஆறாம் மாதத்தில் வந்தவர்கள் குறைவு. வீடு கட்டும் வேலையோ ஆறாம் மாதத்தில்தான் தொடங்குகிறது.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் 2023 டிசம்பர் 17, 18 பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61 பதிவானது. நம் பகுதியில் பலர் நம்பியிருந்தது 1992 நவம்பர் வெள்ளத்தின் அடையாளத்தை. "தொண்ணூத்திரண்டுல இங்க தண்ணி ஏறல" என்பதுதான் வீட்டடி வாங்கும்போது கேட்கிற உத்தரவாதம். மலையில் பெய்து ஆற்றோடு இறங்கும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. இந்த முறை மலையில் பெய்ததோடு தரையிலும் கொட்டியது. ஆறு ஒரு பக்கம் ஏற, குளங்கள் மறுகால் போய், கரை உடைந்து, மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது. ஆகவே 92-ஆம் ஆண்டு அடையாளத்தைச் சங்கம் கைவிட்டது. கோயிலின் வடக்குச் சுவரில் 2023 வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்டில் கோடு போட்டு, தேதியும் எழுதியிருக்கிறோம். இனி எந்த வீட்டுக்கும் உயரம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும்.

அளக்கும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வீட்டில் அதில்தான் தவறு நடந்தது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டமே போதும். டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கோட்டில் பிடித்து, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடத்தை அடுத்த சுவரில் குறிக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த சுவர். இப்படியே தெருக் கடைசி வரை. டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் பிசகும். வெயிலில் கிடந்த டியூபில் குமிழி சீக்கிரம் சேரும். எனவே காலை ஏழு மணிக்குள் அளந்து, அதே வழியில் திரும்பிக் கோயில் சுவருக்கே வந்து சேர வேண்டும். திரும்பி வந்த மட்டம் கோட்டோடு அரை அங்குலத்துக்குள் பொருந்தினால்தான் அளவை ஏற்கிறோம். முதலில் திரும்பி வராமலே அளந்ததில் ஒரு வீட்டின் தரைமட்டம் நான்கு அங்குலம் தாழ்ந்துபோனது. அடித்தளம் முடிவதற்குள் கண்டுபிடித்ததால் இரண்டு வரி செங்கல் கூட்டிக் கட்ட முடிந்தது.

வெள்ளக்கோட்டுக்கு மேலே தரைமட்டம் வைக்க எல்லா இடத்திலும் முடியாது. ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் நின்ற தெருவில் அவ்வளவு உயரப் படி ஏறி முதியவர்கள் எப்படிப் போவார்கள்? அங்கே தரையை மூன்று அடி உயர்த்தி, உள்ளே லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு நிலைக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை மட்டத்தில், இரண்டரை அடி அகலத்துக்குக் கான்கிரீட் பரண் போடுகிறோம். அரிசி, பத்திரம், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பரணுக்குப் போகும். ஆட்கள் கோயிலுக்கோ பள்ளிக்கூட மாடிக்கோ போக வேண்டியதுதான். உயர்த்திய வீடு உயிரைக் காக்கும் என்று யாருக்கும் சங்கம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

300 சதுர அடி வீட்டின் தரையை வழக்கத்தைவிட இரண்டு அடி கூடுதலாக உயர்த்த 600 கன அடி நிரப்பு மண் வேண்டும். இடித்து இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அமுங்குவதால் 7½ யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), சிந்தல் சேர்த்து 8 யூனிட் சரள் என்று வாங்குகிறோம். தெருவில் வெள்ளம் குவித்துவிட்டுப் போன வண்டலைச் சும்மா கிடக்கிறதே என்று உள்ளே தள்ளப் பலர் கேட்டார்கள். வண்டல் காயும்போது சுருங்கும். ஆறு மாதத்தில் தரைக்கு அடியில் பொக்கை விழுந்து சிமெண்ட் தளம் வெடிக்கும். அதை வாழைக்குப் போடலாம், வீட்டுக்கு ஆகாது. சரளையும் ஒரே நாளில் கொட்டி நிரப்பக் கூடாது. ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும்.

வெள்ளம் தின்றது பெரும்பாலும் சுவரின் கீழ் இரண்டடியைத்தான். மண்ணில் கட்டி மேலே சிமெண்ட் பூசிய சுவர்கள் வெளிப்பார்வைக்கு முழுதாக நின்றன. பூச்சைத் தட்டினால் உள்ளே கரைந்திருந்தது. இவற்றில் வெறும் பூச்சு வேலைக்குப் பணம் கேட்டு வந்த மனுக்களைக் குழு திருப்பி அனுப்பியதில் சிலருக்கு வருத்தம் உண்டு. ஈரச்சுவரைச் சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு மேலே ஏறும், அடுத்த மழையில் சுவரே உட்காரும். சோதிக்கச் செலவே இல்லை: ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். காய்ந்த செங்கல் சுவருக்கும் எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், இரண்டு ஆண்டு சுண்ணாம்பே போதும்.

முழுதாகக் கட்டி முடித்த வீடு ஏழு. லிண்டல் மட்டத்தில் நிற்பவை மூன்று. ஒன்று தொடங்கவே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

அரசின் கலைஞர் கனவு இல்லம் ஆணை பெற்றவர்களுக்கு முழு வீடு கட்டித் தருவதில்லை என்று ஜூனில் தீர்மானித்தோம். அந்தத் திட்டத்தில் 2024-இல் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் ரூபாய் வந்தது. ஆற்றோரத் தெருவில் தரையை உயர்த்தும் செலவுக்கு அது எட்டாது. ஆகவே அவர்களுக்குச் சங்கம் கொடுப்பது சரளும், தரைமட்டத்தில் சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டையான பிளிந்த் பீமும் மட்டும். ஒரு முழு வீட்டின் பணத்தில் பல வீடுகளை உயர்த்த இதுவே வழி.

பிளிந்த் பீமை விரிவாகச் சொல்கிறேன். 20க்கு 15 அடி வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் ஒரு குறுக்குச்சுவரும் சேர்த்து 85 அடி. ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குல பீமுக்கு 12 எம்.எம். கம்பி நான்கு ஓட்டம், இணைப்பும் சேர்த்து 100 கிலோ. அந்த நான்கையும் சுற்றிக் கட்டும் 8 எம்.எம். வளையம் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, ஏறக்குறைய 55 கிலோ. சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவை 1:1½:3, சிமெண்ட் 11 முதல் 12 மூட்டை. மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தில் இப்படியே எழுதிக் கொடுத்தும் மூன்று இடத்தில் பிசகியது. ஒன்று, வளையங்களை ஒன்பது அங்குலத்துக்குத் தள்ளிக் கட்டியது. இரண்டு, மூலையில் கம்பியை மடக்கி அடுத்த சுவருக்குள் இரண்டடி ஓட விடாமல் அங்கேயே வெட்டி நிறுத்தியது. மூலை பிரிந்தால் பீம் போட்டதற்குப் பயனே இல்லை. மூன்று, கம்பியைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக அடியில் ஜல்லியைச் சொருகியது. இதற்குப் பின், வளையங்களை வாலிபர் சங்கத்தார் கோயில் வளாகத்திலேயே வளைத்து எண்ணிக் கொடுக்கிறார்கள். கொக்கியை 135 பாகைக்கு உள்ளே மடக்கப் பழகிவிட்டார்கள். கான்கிரீட் போடும் முன் எண்ணிப் பார்க்காமல் மிக்சர் ஓடக் கூடாது என்பது இப்போது விதி.

இன்னொரு விதி சனிக்கிழமையைப் பற்றியது. சனிக்கிழமை போட்ட பீமுக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விட ஆள் இல்லை. எல்லோரும் ஆராதனையில்! முதல் நாள் வெயிலில் காய்ந்த கான்கிரீட் எவ்வளவு நனைத்தாலும் தேறாது. இனிச் சனிக்கிழமை கான்கிரீட் கிடையாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டானால் பத்து நாள் நனைய வேண்டும். நனைக்கும் முறை வைப்பு அட்டவணை வீட்டுக்காரர் கதவிலேயே ஒட்டப்படுகிறது.

மணலைப் பற்றி: பூச்சு வேலைக்கு வந்த ஒரு லோடைத் திருப்பினோம். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், முக்காலுக்குத் தண்ணீர், சிறிது உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மூன்று மணி நேரத்தில் மேலே வண்டல் படியும். மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் ஆகாது. கடற்கரைப் பக்க போர்த் தண்ணீரில் கலவை போட்ட ஒரு வீட்டில் இரண்டே மாதத்தில் சுவர் உப்புப் பூத்தது. வாயில் வைத்துக் கரிக்கிற தண்ணீர் கலவைக்கும் ஆகாது.

கிணறுகள். ஆழம் குறைந்த உறைக்கிணறுகளைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்கக் கூடாது. சுற்றுமண் ஊறியிருக்கும்போது உள்ளே வெறுமையானால் வெளித்தண்ணீர் உறையை உள்ளே தள்ளிவிடும். மருந்துக் கணக்கு: குறுக்களவை அடியில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆறடிக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் என்றால் 7,920 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல்முறை ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது இந்தக் கிணற்றுக்கு 1.2 கிலோ. ஒரு நாள் விட்டு, வாடை போகும் வரை இறைக்க வேண்டும். பிறகு வழக்கமான அளவு ஆயிரம் லிட்டருக்கு 2½ கிராம். வாளியில் கரைத்துத் தெளிய விட்டுத் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக் கசடு கிணற்றுக்குள் போகக் கூடாது. திறந்து வைத்த பழைய மூட்டையில் வீரியம் இருக்காது, அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பயனில்லை.

தொடங்காத வீட்டின் கதை பட்டா. இடம் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் கையெழுத்துக்கு வரவில்லை. ஓடைப் புறம்போக்கில் கட்டித் தரச் சொல்லி வந்த மனுக்களையும் ஏற்கவில்லை. தண்ணீர் போகும் வழியில் நாமே வீடு எழுப்பிவிட்டு வெள்ளத்தைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு மாற்றிடம் கேட்டு வருவாய்த் துறைக்கு எழுதும் மனுவில் சங்கம் உதவுகிறது.

பணம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்ப விரும்பியதில் சிலவற்றைத் திருப்பிவிட்டோம், அவர்களுக்கு மனத்தாங்கல். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது, ஓ.சி.ஐ. என்ற வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத நாம் அதைத் தொட முடியாது. பதிவுள்ள அமைப்பின் வழியாக வாங்கிக் கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு: 2020 திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது. பதிவுள்ள அமைப்பினரே நேரில் வந்து கட்டித் தரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் ரசீது எழுதுமுன் சொல்லிவிடுகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் பிடியரிசி விற்ற பணமும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்ததும் சரளுக்கே போயின.

பயனாளிகள் பட்டியல் கோயில் வாசலிலும் ஊர்ச் சாவடியிலும் ஒட்டப்பட்டது. எந்தச் சபை, எந்த மதம் என்ற கேள்வி படிவத்தில் கிடையாது. செங்கல் வாங்குபவரை ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பதும் கிடையாது. இதில் சிலருக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1877 பஞ்சத்துக்குப் பின் 'அரிசிக் கிறிஸ்தவர்', அதாவது சோற்றுக்காக மதம் மாறியவர், என்ற ஏச்சை நம் முன்னோர் எத்தனை தலைமுறை சுமந்தார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அதே காலத்தில், 1878-இல், நாசரேத்தில் மிஷனரி மர்காஷியஸ் ஐயர் தொழிற்பள்ளி தொடங்கினார். 1830-இல் பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்மசங்கம், கிறிஸ்தவரானதால் துரத்தப்பட்டவர்களுக்கு வீட்டடி வாங்கிக் கொடுத்தது. வீடும் தொழிலும் நம் சீமையில் மிஷன் வேலையின் பழைய பாகங்கள்தாம்.

வரும் ஆண்டுக்கு: லிண்டலில் நிற்கும் மூன்று வீடுகளின் கூரைக் கான்கிரீட்டை ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும். அக்டோபரில் மழை பிடித்தால் சென்டிரிங் பலகை வாடகை மட்டும் ஏறும். அசன விருந்துப் பாத்திர அறையில் 18க்கு 12 அடித் தார்ப்பாய்கள் கயிறோடு தனியே அடுக்கப்பட்டுள்ளன. எலி வெட்டாதபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். நூறு பேர் கஞ்சிக்கும் சோற்றுக்கும் வேளைக்கு 12 கிலோ அரிசி என்ற கணக்கு அண்டா மேலேயே எழுதியிருக்கிறது. பழைய துணி மூட்டைகள் இன்னும் ஆறு கிடக்கின்றன. இனித் துணி வேண்டாம் என்று முதல் நாளே அறிவிக்க இந்தக் கூட்டம் தீர்மானம் தர வேண்டும். வடக்குச் சுவரின் கோடு மழையில் மங்கியிருக்கிறது. அதைக் கல்வெட்டாகப் பதிக்கும் செலவுக்கும் அனுமதி கேட்கிறேன்.

அறிக்கையை முன்மொழிந்து வழிமொழிய வேண்டுகிறேன்.

செயலாளர்