ஐந்து பக்கக் கட்டுரையும் இரண்டாண்டு அளவுகோலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணித உகப்பாக்கத் துறையில், அதாவது சாத்தியமானவற்றுள் மிகச் சிறந்த தீர்வைக் கணித வழியில் தேடும் துறையில், ஆய்வாளர்களின் தகுதியை மேற்கோள் எண்ணிக்கையையும் ஆய்விதழின் தாக்கக் காரணியையும் கொண்டே முடிவு செய்யும் போக்கு வலுத்து வருவது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், கணக்கிடும் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே தாக்கக் காரணி. ஒரு நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்த்து அச்சேற்றவே ஓராண்டுக்கு மேல் ஆகிவிடக்கூடிய எங்கள் துறைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

1983இல் யூரி நெஸ்தெரோவ், சோவியத் அறிவியல் அகாதெமியின் இதழில் ஐந்தே பக்கங்களில் ஒரு முறையை வெளியிட்டார். குவிச்சார்பு (கிண்ணம் போன்ற வடிவமுள்ள சார்பு) ஒன்றின் சிறும மதிப்பைத் தேடுகையில், நின்ற இடத்திலேயே சரிவைக் கணக்கிடாமல், முந்தைய நகர்வின் திசையில் சற்று முன்னே தள்ளிய புள்ளியில் கணக்கிடுவதே அதன் நுட்பம். ஒவ்வொரு படியிலும் சரிவின் திசையில் கீழிறங்கும் வழக்கமான சரிவிறக்க முறையில் பிழையின் வரம்பு படிகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் குறையும். இதிலோ அவ்வெண்ணிக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. படச் செயலாக்கமும் இயந்திரக் கற்றலும் பெருந்தரவுகளோடு வந்த பிறகு, குறிப்பாக 2009இல் பெக்கும் டெபூலும் அதன்மேல் தங்கள் முறையைக் கட்டியெழுப்பிய பிறகு, மேற்கோள்கள் குவிந்தன. 1939இல் வில்லியம் கருஷ் தம் முதுகலை ஆய்வேட்டில் எழுதிய, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட சிறந்த தீர்வு நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளும் இப்படித்தான் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1951இல் கூனும் டக்கரும் அவற்றைத் தாமாகவே கண்டு வெளியிட்டு வெகுகாலம் கழித்தே அவர் பெயரும் அவற்றோடு சேர்ந்தது.

மறுபுறம், ஓநாய், வௌவால், திமிங்கிலம் என்று உயிரினங்களின் பெயரில் 'புதிய' தேடல் முறைகள் வந்தவண்ணம் உள்ளன. ஒன்றையொன்று ஒப்பிட்டு எழுதுவதாலேயே மேற்கோள்களும் பெருகுகின்றன. எறும்புகள் வழி தேடுவதைப் பின்பற்றும் எறும்புக் கூட்ட முறை போன்றவை உண்மையான புதுமை தந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால், மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்த ஒரு கட்டுரையில் விலங்கின் பெயரை நீக்கி, சமன்பாடுகளை மட்டும் எழுதிப் பார்த்தபோது, 1995 முதல் அறிந்த, பறவைக் கூட்டம் போலப் பல புள்ளிகள் சேர்ந்து தேடும் துகள் திரள் முறையே மாறிலிகள் மாறி எஞ்சி நின்றது. இப்போக்கை 2015இலேயே உகப்பாக்க ஆய்வாளர் கென்னத் சோரென்சென் விரிவாகக் கண்டித்திருக்கிறார். தாக்கக் காரணியைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமும், மேற்கோள்கள் செயற்கையாகப் பெருக்கப்படலாம் என்ற கவலையால், 2023இல் தன் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலிலிருந்து கணிதத் துறையை விலக்கிவிட்டது.

எனவே, பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளைப் பெற்று, துறை அறிந்தவர்களிடம் கொடுத்து, முழுமையாகப் படித்து எழுத்துமூலம் கருத்துச் சொல்லச் செய்யுமாறு தேர்வுக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உகப்பாக்கத் துறை ஆய்வாளர் ஒருவர்