மூன்று கார்டு போதும் என்ற மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘பிரவுட் மேரி’ பாட்டை நீ கிட்டாரில் வாசித்து அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். கூடவே இரண்டு புகார் வேறு எழுதியிருந்தாய். மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் முடிந்துபோகிற பாட்டு, இதில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. கலிபோர்னியாக்காரர் ஒருவர் மிசிசிப்பி, சதுப்பு நிலம் என்று பாடுவதெல்லாம் போலி என்பது இன்னொன்று. கிட்டார் பழகுகிற பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள், அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்த ஆரம்பம். நீ அதை எப்போது முடியும் என்று வாசித்திருக்கிறாய். பாட்டு டி மேஜரில், அதாவது டியை ஆதார சுரமாகக் கொண்ட மேஜர் ஸ்கேலில், ஆனால் தொடங்குவது சி மேஜர் கார்டில். டி மேஜரில் சி, எஃப் இரண்டுமே ஷார்ப்பாக, அதாவது அரைப்படி உயர்ந்து, வர வேண்டியவை. பாட்டை எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி இரண்டையும் ஷார்ப் இல்லாமலே எடுத்து, அவற்றின் மேல் முழு மேஜர் கார்டைக் கட்டுகிறார். சி–ஏ, மறுபடி சி–ஏ, மூன்றாவது முறை சி–ஏ–ஜி–எஃப் என்று இறங்கி டியில் வந்து உட்காரும். இந்தக் கார்டுகளின் அடிச்சுரங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்: டி, எஃப், ஜி, ஏ, சி. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஏக்கப் பாட்டுக்காரர்கள் காலங்காலமாகப் புழங்குகிற மைனர் பென்டடானிக், அந்த ஐந்து சுர ஸ்கேல், அப்படியே வருகிறதா? அடியில் ப்ளூஸ், மேலே எல்லாமே பளிச்சென்று ஒலிக்கும் மேஜர். அழுகிறதா கொண்டாடுகிறதா என்று பிடிபடாமல் அது ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். சியிலிருந்து ஏவுக்கு மாறும்போது ஒவ்வொரு சுரமாகக் கேள்: இ நகராது, ஜி ஒரு படி ஏறி ஏ ஆகும், சி அரைப்படி மட்டும் ஏறி சி ஷார்ப் ஆகும். அந்த அரைப்படி தெளிவாகக் கேட்க வேண்டும், உன் ஆடியோவில் அது மங்கிப்போயிருக்கிறது.

பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கம் மனதில் ஓடியதாகவும், அழுத்தத்தை முதல் சுரத்துக்கு மாற்றியதும் ஆற்றுப் படகின் துடுப்புச் சக்கரம் சுழல்கிற மாதிரி இருந்ததாகவும் ஃபோகர்ட்டியே சொல்லியிருக்கிறார். படகு பாட்டுக்குள் வந்தது இப்படித்தான். அதற்கு முன்னால் ‘பிரவுட் மேரி’ என்பது அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்த வெறும் தலைப்பு, பணக்கார வீட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதலாம் என்று நினைத்திருந்தாராம். 1968-இல் ராணுவ ரிசர்வ் படையிலிருந்து விடுவிப்புக் கடிதம் வந்தது, மனுஷன் புல்தரையில் குட்டிக்கரணம் அடித்துவிட்டு உள்ளே போய் கிட்டாரை எடுத்திருக்கிறார். முதல் வரியிலேயே நல்ல வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிற சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

சரி, நீ சொன்ன அந்தச் சதுப்பு பாட்டின் ஒலியில் எங்கே? அந்த ஆரம்பம் முடிந்த பிறகு இருக்கிறது. சரணம் முழுக்க டி. நான்கு வரியும் டியிலேயே. நீ போரடிக்கும் என்று நடுவில் ஒரு ஜியைச் செருகியிருக்கிறாய் பார், பாட்டு அங்கேயே போய்விட்டது. டி மேஜருக்கு வெளியே இருக்கிற கார்டுகளை எல்லாம் முதல் சில நொடிகளிலேயே செலவழித்துவிட்டு அப்புறம் ஒரே இடத்தில் நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்படி நின்றதால்தான் சக்கரம் சுற்றுகிற வரியில் ஏ வரும்போது காது நிமிர்கிறது, அடுத்து வருகிற பி மைனர் நெஞ்சில் இறங்குகிறது, மறுபடி டி வரும்போது உருள்கிற உணர்வு கிடைக்கிறது. அதே சிங்கிள் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருக்கும் ‘பார்ன் ஆன் த பாயூ’வையும் (பாயூ என்றால் சதுப்பு ஓடை) கேள், வரிகள் இ செவன்த்தை விட்டு அசையாது. டிரெமலோ போட்டு ஒலி கூடிக் குறைந்து துடிக்கிற கிட்டார் ஒரே கார்டில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது உன் ‘போலி’ விஷயம். ஆமாம், அவர் பிறந்தது பெர்க்லி, வளர்ந்தது எல் செரிட்டோ, இரண்டுமே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ஊர்கள். ஆனால் காது வளர்ந்தது வேறு இடத்தில். கிரீடன்ஸ் குழுவை 1968-இல் வெளியே தெரியவைத்த ‘சூசி க்யூ’, லூசியானாக்காரர் டேல் ஹாக்கின்ஸ் 1957-இல் வெளியிட்ட பாட்டு. ‘பிரவுட் மேரி’யின் கிட்டார் சோலோவில் தான் நினைத்தது மெம்பிஸின் கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பரை என்று ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார். இசைத்தட்டிலிருந்து கற்றுக்கொண்டது போலி என்றால் நீயும் நானும் கிட்டாரைத் தொடவே கூடாது. 1969 ஜனவரியில் வந்த பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனது. 1971-இல் ஐக் டர்னர், டீனா டர்னர் ஜோடி மெதுவாகத் தொடங்கி வெறிபிடித்த வேகத்தில் முடித்து அதை இன்னொரு பாட்டாகவே ஆக்கியது. டென்னசியில் பிறந்த டீனாவுக்கு இந்தப் பாட்டில் போலி எதுவும் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஜியை எடுத்துவிட்டு மறுபடி பதிவுசெய்து அனுப்பு. பின்னணிக் குரலுக்கு உன் தங்கையைக் கூப்பிடு. குழுவினர் பாடியது பிடிக்காமல் ஃபோகர்ட்டி பின்னணிக் குரல்களையும் தானே பாடிச் சேர்த்தார், கேட்க அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நால்வருக்குள் கசப்பு தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. 1971-இல் சொந்த அண்ணன் டாமே விலகினார், 1972-இல் குழுவே கலைந்தது. உன் தங்கை கோபத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அன்புடன்,
மாமா